கணக்கேடு யார் கையில்?
அமெரிக்க முன்னாள் படைவீரர் இலாகாவில் மனுக்கள் தேங்குவதன் காரணங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

1. ஆராயப்படும் வினா

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் படைவீரர் விவகார இலாகாவின் தலைமை ஆய்வாளர், வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் நகரத்து வட்டார அலுவலகத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். கோப்புப் பேழைகள் நிரம்பிவிட்டபடியால் சுமார் 37,000 மனுக்கோப்புகள் பேழைகளின் தலைமீதே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்றும், அவற்றின் பாரத்தால் கட்டடத்தின் உறுதிக்கே ஊறு நேரலாம் என்றும் அதில் கண்டிருந்தது. செவிப்புலன் இழந்தவரும், முதுகெலும்பு நைந்தவரும், இரவில் உறக்கம் பிடிக்காதவரும் தத்தம் சர்க்காருக்கு எழுதிய விண்ணப்பங்களும், அவற்றுக்குச் சான்றாக இணைத்த வைத்தியச் சீட்டுகளும், பதில் வராதபோது மறுபடி மறுபடி அனுப்பிய நகல்களும் சேர்ந்தே அந்தத் தளத்தை அழுத்திக்கொண்டிருந்தன.

உலகத்தில் செல்வம் மிகுந்த தேசங்களுள் முன்னிற்பதும், படைவீரரைப் போற்றுவதில் கட்சி வேற்றுமை பாராட்டாததும், அவர்களுக்கென்றே தனி மருத்துவமனைகளும் தனி நீதிமன்றமும் தனி மந்திரியும் உடையதுமான ஒரு நாட்டில், அந்தப் படைவீரர் தமக்குரிய உதவித்தொகைக்கும் வைத்தியத்துக்கும் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்க நேர்வது ஏன், அந்தத் தேக்கம் தலைமுறைதோறும் தீர்க்கப்பட்டும் தலைமுறைதோறும் திரும்பி வருவது ஏன் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும்.

நான் சென்றடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைவீரருக்கும் அரசுக்கும் உள்ள உறவு கடன் கொடுத்தவருக்கும் கடன்பட்டவருக்கும் உள்ள உறவு. உடலையும் இளமையையும் கொடுத்தவர் வீரர், பெற்றுக்கொண்டது அரசு. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும் ஏடு கடன்பட்ட அரசின் கையிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும், ஏட்டைச் சரியாக எழுதாத குறைக்கு விலை கொடுக்க வேண்டியவராகக் கடன் கொடுத்தவரே நிற்கிறார். தேக்கத்துக்குச் சொல்லப்படும் பல காரணங்களுக்கும் அடியில் கிடக்கும் மூல காரணம் இதுவே என்று இயன்றவரை சான்று காட்டி நிறுவ முயல்கிறேன்.

2. தேக்கம் என்பது எது?

ஏரியில் நீர் நிற்பதனால் மட்டும் அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை; வரத்துக்கும் மதகுக்கும் பொருத்தம் கெட்டு, கரை உடையும் நிலை வரும்போதே அது ஆபத்தாகிறது. அலுவலகத்திலும் பரிசீலனைக்குக் காத்திருக்கும் மனு ஒவ்வொன்றும் தேக்கம் ஆகிவிடாது. ஊனத்துக்கான உதவித்தொகை கோரும் மனு 125 நாட்களுக்கு மேல் முடிவின்றிக் கிடக்குமானால், அதைத் தேங்கிய மனு என்று இலாகா கணக்கிடுகிறது. இந்த அளவையின்படி 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தேங்கிய மனுக்கள் 6,11,000 என்னும் உச்சத்தை எட்டின.

பொதுமக்கள் பேச்சில் ஒரே தேக்கமாகத் தோன்றுவது உண்மையில் நான்கு வரிசைகளின் கூட்டம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, உதவித்தொகை கோருவோர் வரிசை. இரண்டாவது, மறுக்கப்பட்டோ குறைத்து மதிப்பிடப்பட்டோ மேல்முறையீடு செய்வோர் வரிசை. மூன்றாவது, வைத்தியம் பெறும் தகுதிக்குப் பெயர் பதிவு செய்துகொள்வோர் வரிசை. நான்காவது, பதிவு பெற்றபின் வைத்தியரைக் காண நாள் குறிப்பதற்கு நிற்போர் வரிசை. ஒன்றைச் சுருக்கினால் மற்றொன்று நீள்வதுண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. இதுவரை கூறப்பட்டுள்ள விளக்கங்கள்

இவ்விஷயத்தைப் பற்றி நிலவும் அபிப்பிராயங்களை நான்காக வகுக்கலாம்.

பத்திரிகைகளிலும் தேர்தல் மேடைகளிலும் மிகுதியாகக் கேட்கப்படுவது, உத்தியோகஸ்தர்களின் சோம்பலும் அலட்சியமுமே காரணம் என்பது. இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல இயலாது. முதல் உலக யுத்தத்துக்குப் பின் 1921இல் அமைக்கப்பட்ட படைவீரர் ஸ்தாபனத்தின் முதல் தலைவரான சார்லஸ் ஃபோர்ப்ஸ், மருத்துவமனைக் கட்டட ஒப்பந்தங்களிலும் பண்டகசாலைப் பொருள்களிலும் ஊழல் புரிந்து, 1923இல் பதவி துறந்து, பின்னர்ச் சிறை சென்றார். அவருடைய நிர்வாகத்தில் காயமுற்றோர் எழுதிய இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன. ஆயினும் ஊழல் புரியாத தலைவர்களின் காலத்திலும் தேக்கம் இருந்தது என்பதனால், தனி மனிதரின் குணம் மட்டும் விளக்கமாகாது.

இரண்டாவது விளக்கம் பணத்தையும் ஆட்களையும் சுட்டுவது. மூன்றாவது, அரசியலைச் சுட்டுவது. உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் வந்த ஓய்வூதியங்கள் கட்சிகள் வாக்குத் திரட்டும் கருவியாக விரிந்த வரலாற்றைத் தீடா ஸ்கோச்போல் 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நான்காவது, சர்க்கார் குடிமக்கள்மீது ஏற்றும் ‘நிர்வாகச் சுமை’யைப் பற்றியது. உரிமை இருப்பதை அறிந்துகொள்வதும், படிவங்களை நிரப்பிச் சான்று திரட்டுவதும், அந்த அலைச்சலில் மனம் நோவதும் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒருவரை உரிமையிலிருந்து விலக்கிவிடும் என்று பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹான் இருவரும் 2018இல் எழுதிய நூல் எடுத்துக்காட்டுகிறது.

இந்நான்கனுள் இறுதியில் சொன்னதே உண்மைக்கு மிக அருகில் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது சுமையைச் சுமப்பவர் பக்கத்தினின்று பார்க்கிறது. அதே சுமை திரும்பிச் சென்று அலுவலகத்தையும் அழுத்துகிறது என்பதையும், சான்று கேட்கும் அரசு தானே அந்தச் சான்றுகளின் அடியில் புதைந்துபோகிறது என்பதையும் சேர்த்துக் காணும்போதே தேக்கத்தின் இயல்பு விளங்கும்.

4. பழைய வழக்கு

இந்தத் தேக்கம் இருபத்தோராம் நூற்றாண்டின் நோய் என்று எண்ணுவது தவறு. சுதந்திரப் பிரகடனம் செய்த 1776ஆம் ஆண்டிலேயே, அங்கம் இழந்த வீரருக்கு ஓய்வூதியம் அளிப்பதாக அந்நாட்டுக் காங்கிரஸ் வாக்களித்தது. 1818இல் வறுமையுற்ற பழைய வீரருக்கும் அவ்வுதவி விரிக்கப்பட்டபோது, எதிர்பார்த்ததைக் காட்டிலும் பன்மடங்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. செலவைக் கண்டு அஞ்சிய காங்கிரஸ் 1820இல், பெறுவோர் தம் உடைமைகளைப் பட்டியலிட்டு வறுமையை நிரூபிக்க வேண்டும் என்று விதித்தது. முதலில் தாராளமான வாக்குறுதி, அடுத்து வெள்ளம்போன்ற மனுக்கள், அதன்பின் சந்தேகம், சந்தேகத்தின் விளைவாகச் சான்றுச் சுமை என்ற இந்தச் சுழல் அன்று தொடங்கியது இன்றளவும் நிற்கவில்லை.

உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் இது பெருகிற்று. 1879இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், குறித்த கெடுவுக்குள் மனுச் செய்வோருக்குப் படையினின்று நீங்கிய நாள் முதற்கொண்டு நிலுவைத்தொகை முழுவதையும் அளிப்பதாகச் சொல்லவே, மனுக்கள் கரை புரண்டன. 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மத்திய அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஓய்வூதியத்துக்கே சென்றது. குமாஸ்தாக்கள் அமர்வதற்காக 1887இல் வாஷிங்டனில் கட்டி முடிக்கப்பட்ட ஓய்வூதிய மாளிகை இன்றும் பொருட்காட்சிசாலையாக நிற்கிறது. அன்று சான்று தேடிய முறையும் கவனிக்கத்தக்கது. படைமுகாமில் பிடித்த வயிற்றுநோய்க்கு வைத்தியக் குறிப்பு இல்லாதபோது, உடன் போரிட்ட தோழர்கள் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். சிறப்பு விசாரணையாளர்கள் ஊர் ஊராகச் சென்று அண்டை அயலாரை விசாரித்தார்கள். எழுதாமல் விட்ட ஒரு வரியை இருபது ஆண்டுகளுக்குப் பின் தேடிச் செல்லும் உழைப்பே அக்காலத்தும் காலத்தை விழுங்கியது.

5. சான்றின் சுமை

இக்காலத்து மனு ஒன்று எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்ப்போம். மனுதாரர் பொதுவாக மூன்று விஷயங்களை நிலைநாட்ட வேண்டும்: இப்போது தமக்கு ஓர் ஊனமோ நோயோ உண்டு என்பது, சேவைக் காலத்தில் அதற்குரிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது என்பது, இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சான்று திரட்டுவதில் மனுதாரருக்கு உதவ இலாகா கடமைப்பட்டிருக்கிறது. ஐயம் சமநிலையில் நிற்குமாயின் பயன் மனுதாரருக்கே என்பதும் விதி. விதி இவ்வளவு கருணையுடையதாக இருந்தும் காரியம் தாமதப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, மதிப்பீட்டின் நுணுக்கம். ஒவ்வொரு ஊனத்துக்கும் சுன்னம் முதல் நூறு வரை பத்துப் பத்தாக விழுக்காடு குறிக்கப்படுகிறது. ஒருவருக்கு முதுகுக்கு 50 விழுக்காடும் செவிக்கு 30 விழுக்காடும் கிடைத்தால், கூட்டுத்தொகை 80 ஆகாது. முதல் ஊனம் போக மீந்த 50இல் 30 விழுக்காடாகிய 15ஐச் சேர்த்து 65 என்று கண்டு, அதை 70 ஆக்கி வழங்குவர். ஒரு மனுவில் பல ஊனங்கள் சேர்ந்து வருவது இப்போது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியப் பரிசோதனை, தனித்தனிச் சான்று, தனித்தனித் தீர்ப்பு வேண்டும். இவ்வேலையில் ஓர் உத்தியோகஸ்தர் தேர்ச்சி பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதனால், இன்று ஆள் சேர்த்தால் இன்றே தேக்கம் வடியும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

மற்றொன்று, முதன்மையானது, ஆவணங்களின் கதி. 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றி, ஒரு கோடியே அறுபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் வரையான சேவைக் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையினின்று நீங்கியோரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது பங்கு அதில் போயிற்று. அவற்றுக்கு நகல் இல்லை, நுண்படம் இல்லை, எவையெவை இருந்தன என்று காட்டும் அட்டவணைகூட இல்லை. இரண்டு உலக யுத்தங்களிலும் கொரியாவிலும் பணிபுரிந்தவர்கள், அரசின் காப்பில் இருந்து அரசின் கட்டடத்தில் எரிந்த தாள்களுக்கு மாற்றாகப் பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் தோழர்களின் வாக்குமூலங்களையும் தேடி அலைந்தார்கள். கொரோனாத் தொற்றின்போது 2020இல் அதே காப்பகத்தின் கதவுகள் மூடப்பட்டபோது, காகித ஏடுகளை வீட்டிலிருந்து பார்க்க இயலாமையால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள் தேங்கின.

யுத்தத்தை நடத்துவது பாதுகாப்பு இலாகா; யுத்தத்தின் விளைவுக்கு ஈடு செய்வது படைவீரர் இலாகா. ஒன்று எழுதும் ஏட்டை மற்றொன்று படிக்க முடியாதிருந்தது நெடுங்காலக் குறை. இரண்டுக்கும் பொதுவான மின்னணு வைத்திய ஏடு ஒன்றை உண்டாக்கும் பெருந்திட்டம் 2013இல் கைவிடப்பட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் போரிட்ட படைப்பிரிவுகள் பலவற்றின் களக் குறிப்புகள் காக்கப்படாமலே போயின; ஒரு குண்டுவெடிப்பின் அருகில் தாம் இருந்ததை நிரூபிக்க வேண்டிய வீரர், அந்த நாளின் பதிவே இல்லாத அரசிடம் அதை நிரூபிக்க வேண்டியவரானார். 2010ஆம் ஆண்டு ஜூலையில், போர்க்கள அச்சத்தால் விளைந்த மனநோய்க்கு அந்நிகழ்ச்சியைத் தனியே ஆவணத்தால் உறுதிப்படுத்த வேண்டியதில்லை என்று இலாகா விதியைத் தளர்த்தியது, இக்குறையை இலாகாவே ஒப்புக்கொண்டதற்கு ஒப்பாகும்.

6. வாக்குறுதியின் பெருக்கம்

தனித்தனி நிரூபணம் இயலாத இடத்தில் சட்டம் கையாளும் வழி அனுமானம். இன்ன இடத்தில் இன்ன காலத்தில் பணிபுரிந்தவருக்கு இன்ன நோய் வந்தால், அது சேவையால் வந்ததென்றே கொள்வது. வியட்நாமில் 1962 முதல் 1971 வரை காடுகளின்மீது தெளிக்கப்பட்ட ‘ஏஜண்ட் ஆரஞ்சு’ முதலிய நச்சுகளுக்கு 1991ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியைத் திறந்தது. அதாவது தெளித்து முடித்த இருபது ஆண்டுகளுக்குப் பின். 2010ஆம் ஆண்டில் மந்திரி எரிக் ஷின்செகி, இதயக் குருதிக்குழாய் நோய், பார்க்கின்சன் நோய், சிலவகைக் குருதிப் புற்றுநோய் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்தார். நியாயமான அச்செயல், முன்பு மறுக்கப்பட்ட வழக்குகளையும் நீதிமன்ற ஆணையின்படி மறுபடி திறக்க வைத்தது. தேர்ந்த உத்தியோகஸ்தர்கள் பெருவாரியாக அவ்வேலைக்குத் திருப்பப்பட்டார்கள். 2013இல் கண்ட உச்சத்துக்கு இது ஒரு பெருங்காரணம்.

வியட்நாமில் பணி என்ற சொல்லுக்குத் தரையில் கால் வைத்தவரை மட்டும் குறிப்பதாக இலாகா பொருள் கொண்டதனால், கரையோரக் கடலில் கப்பலில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் விலக்கப்பட்டார்கள். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பும் அதையொட்டி இயற்றப்பட்ட சட்டமுமே அவர்களை உள்ளே கொணர்ந்தன. ஒவ்வொரு கப்பலும் எந்நாள் எங்கே நின்றது என்பதைப் பழைய நாட்குறிப்பேடுகளில் தேடும் வேலை அதன்பின் தொடங்கிற்று. ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்கவே இவ்வளவு காலம் கழிந்ததென்றால், அதற்கிடையில் எழுந்த மனுக்களும் மறுப்புகளும் மேல்முறையீடுகளும் எத்துணை வீண் உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் குப்பைகளைத் திறந்த குழிகளில் எரித்த புகையைச் சுவாசித்தோருக்காக 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் கையொப்பமான ‘பாக்ட்’ சட்டம், இருபதுக்கு மேற்பட்ட நோய்களை அனுமானப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த நிதியாண்டில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன; ஏறத்தாழ 20 லட்சம் தீர்க்கப்பட்டன. தீர்த்த எண்ணிக்கை அதுவரை காணாத சாதனை. அப்படியும் வரத்து மதகை மிஞ்சிற்று. ஆகவே தேக்கம் எப்போதும் தோல்வியின் அடையாளம் என்று கொள்ளக்கூடாது. நெடுநாள் மறுக்கப்பட்ட நீதி ஒரே நாளில் வழங்கப்படும்போதும் தேக்கம் உண்டாகிறது. குறை சொல்ல வேண்டியது அந்த நாளையன்று. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளை.

7. அளவுகோலின் மயக்கம்

வைத்தியத்துக்கு நிற்கும் வரிசையில் வேறொரு காரணம் தலைகாட்டுகிறது. புதிதாக வருவோர் பதினான்கு நாட்களுக்குள் வைத்தியரைக் காண வேண்டும் என்று 2011இல் இலக்கு வைக்கப்பட்டது; மேலதிகாரிகளின் மதிப்பீடும் வெகுமதியும் அதனோடு பிணைக்கப்பட்டன. வைத்தியர்களின் தொகையோ அதற்கேற்பப் பெருகவில்லை. நாள் குறிக்கும் கணினி முறை 1985இல் ஏற்பட்டது. நிறைவேற்ற இயலாத இலக்கின்முன் நின்ற அலுவலகங்கள் பலவற்றில், நோயாளி காத்திருந்த காலத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, காத்திருந்ததாக எழுதிய காலத்தைக் குறைத்தார்கள்.

2014இல் அரிசோனா மாநிலத்துப் ஃபீனிக்ஸ் நகர மருத்துவமனையைப் பற்றிய உண்மைகள் வெளிவந்தன. தலைமை ஆய்வாளர் தேர்ந்தெடுத்துப் பரிசோதித்த 226 பேர் முதற் சந்திப்புக்குச் சராசரியாக 115 நாட்கள் காத்திருந்தனர். மருத்துவமனை காட்டிய கணக்கு 24 நாட்கள். சுமார் 1,700 பேரின் பெயர் எந்த முறையான பட்டியலிலும் இல்லை. மே மாதம் 30ஆம் நாள் ஷின்செகி பதவி துறந்தார். தாமதத்தால் நாற்பது பேர் மாண்டனர் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, தாமதமே மரணத்துக்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை என்று ஆகஸ்டு மாத அறிக்கை முடிவு செய்தது; ஆராய்ச்சியாளர் இதையும் மறைக்காமல் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். ஆனால் வரிசையில் பெயரே இல்லாதவர் எத்தனை நாள் நின்றார் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது என்பதே இவ்வழக்கின் கொடுமை.

பெயர்ப் பதிவிலும் இதே நிலை. அட்லாண்டா நகரத்துத் தகுதி நிர்ணய மையத்தில் 8,67,000 பதிவுகள் முடிவின்றிக் கிடந்ததையும், அவற்றுள் 3,07,000 பேர் இறந்துவிட்டதாகச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துப் பதிவு காட்டியதையும் 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் தலைமை ஆய்வாளர் வெளியிட்டார். இவர்களுள் உண்மையில் வைத்தியம் கோரி விண்ணப்பித்தவர் எத்தனை பேர் என்று அந்த ஏடுகளைக் கொண்டு சொல்ல இயலவில்லை. இங்கும் எழுதாத ஏடே காரணமாக நிற்கிறது.

8. ஒரு வரிசையினின்று மற்றொன்றுக்கு

6,11,000ஆக இருந்த தேக்கத்தை 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு லட்சத்துக்குக் கீழ் இறக்கியது இலாகாவின் உண்மையான சாதனை. கட்டாயக் கூடுதல்நேர வேலை, இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட மனுக்களுக்கு முதலிடம், காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறியது ஆகியவை அதைச் சாத்தியமாக்கின. ஆனால் அதே காலத்தில் மேல்முறையீடுகள் பெருகி, 2017இல் நான்கரை லட்சத்தைக் கடந்தன. மேல்முறையீட்டின்மீது முடிவு கிடைக்கச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வழக்கு நடக்கும்போதே புதிய சான்று சேர்க்கலாம் என்ற சலுகையும், புதிய சான்று வந்தால் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்து, கோப்பானது வட்டார அலுவலகத்துக்கும் வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றத்துக்கும் இடையே செக்குமாடுபோல் சுற்றி வந்தது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மனுதாரர் தேர்ந்துகொள்ள மூன்று தனி வழிகளை வகுத்து, அந்தச் சுழலை ஒருவாறு அறுத்தது.

வைத்திய வரிசைக்குப் பரிகாரமாக, 2014ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பது மைலுக்கு அப்பால் இருப்போரும் முப்பது நாளுக்கு மேல் காத்திருப்போரும் தனியார் வைத்தியரிடம் செல்லலாம் என்று அனுமதித்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. இலாகாவுக்கும் தனியார் வைத்தியருக்கும் இடையில் நிறுவனங்கள் நுழைந்து, நாள் குறிப்பதும் கட்டணம் செலுத்துவதும் அவற்றின் கையில் போகவே, பழைய வரிசையோடு புதிய வரிசையும் சேர்ந்தது. கணினியும் அவ்வாறே. 2018இல் ஒப்பந்தமாகி 2020இல் ஸ்போக்கேன் நகரத்தில் தொடங்கிய புதிய மின்னணு வைத்திய ஏட்டில், வைத்தியர் எழுதிய 11,000க்கு மேற்பட்ட உத்தரவுகள் எவர் கண்ணிலும் படாத ஒரு பட்டியலில் போய் விழுந்து கிடந்தன. அதனால் 149 நோயாளர் தீங்குற்றனர் என்று தலைமை ஆய்வாளர் 2022இல் அறிவித்தார். மறு ஆண்டு அத்திட்டத்தின் விஸ்தரிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. கருவி மாறுவது மட்டும் முறை மாறுவதாகாது.

9. ஓர் ஆட்சேபம்

சான்று கேட்காமல் கொடுத்தால் பொய் மனுக்கள் பெருகிப் பொதுப்பணம் வீணாகாதா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி, உள்நாட்டு யுத்த ஓய்வூதிய வரலாறு அந்த அச்சத்துக்கு இடமும் தருகிறது. இதற்கு லிண்டா பில்ம்ஸ், ஈராக் யுத்தச் செலவைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் ஒரு வழி கூறினார்: வருமான வரிக் கணக்கில் செய்வதுபோல, மனுக்களை முதலில் ஏற்றுப் பணம் கொடுத்துவிட்டு, அவற்றுள் ஒரு பகுதியை மட்டும் தணிக்கை செய்யலாம் என்பது அது. நூறு பேரைச் சந்தேகித்து ஒருவரைப் பிடிக்கச் செலவாகும் காலமும் சம்பளமும் எவ்வளவு என்று கணக்கிட்டால், இவ்வழியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஊனத்தின் அளவை நிர்ணயிக்கும் சிக்கல் இதனால் முற்றும் தீராது என்பதையும், பிற்பாடு தணிக்கையில் பிடிபட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க நேர்வது ஏழை வீரரைப் பெரிதும் நொறுக்கிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே இது பாதிப் பரிகாரம்.

10. முடிவு

மேலே ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்கினால், ஆள் பற்றாக்குறை, பழைய கருவி, பொய்க்கணக்குக்கு இடங்கொடுத்த இலக்கு, வட்டமிட்ட மேல்முறையீடு ஆகிய யாவும் மெய்யான காரணங்களே. ஆனால் இவை தேக்கத்தைப் பெருக்கின; பிறப்பித்தவை அல்ல. சேவை நடந்த நாளிலேயே, நடந்த இடத்திலேயே, இன்னாருக்கு இன்ன தீங்கு நேர்ந்தது, இன்னார் இன்ன நச்சுக்கு அருகில் இருந்தார் என்று எழுதிக் காக்க வேண்டிய அரசு அதைச் செய்யாமையும், அந்தக் குறையைப் பல ஆண்டு கழித்து மனுதாரரின் செலவில் நிரப்ப முயல்வதுமே அதைப் பிறப்பித்தன. எனவே முறையான பரிகாரமும் அங்கேதான் தொடங்க வேண்டும். படையினின்று நீங்கும் நாளில் ஒவ்வொரு வீரரின் உடல்நிலையும் அரசின் செலவில் பரிசோதிக்கப்பட்டு, மனு எழுதாமலே கணக்குத் தொடங்க வேண்டும். ஏடு இல்லாத இடத்தில், இல்லாமைக்குப் பொறுப்பு அரசினுடையது என்று கொண்டு வீரரின் வாக்கை ஏற்க வேண்டும். புதிய வாக்குறுதி அளிக்கும் ஒவ்வொரு சட்டத்திலும், அதை நிறைவேற்றும் ஆட்களுக்கும் பயிற்சிக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும்.

இவ்விஷயத்தில் தாமதத்தின் பொருள் என்ன என்பதை ஒரு சட்ட விவரம் காட்டுகிறது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் வரை, மனு நிலுவையில் இருக்கும்போது வீரர் இறந்துவிட்டால் அவரோடு அந்த மனுவும் இறந்தது; மனைவியோ மக்களோ அவர் நின்ற இடத்தில் நின்று அதைத் தொடர முடியாது; புதிதாக, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாண்டு நிறைவேறிய சட்டமே, இறந்தவரின் இடத்தில் வாரிசு நின்று வழக்கைத் தொடரலாம் என்று அனுமதித்தது. காத்திருக்கும்போதே மனுதாரர் இறந்துபோவது விதிவிலக்காக இல்லாமல், சட்டம் இயற்றி வழிவகுக்க வேண்டிய அளவுக்கு வழக்கமாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.